தொடக்கம் ஒன்று, காரணம் வேறு

1931 மே மாதம் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் வெளியானது. ஐந்நூறு சொற்கள்கூட இல்லை. எழுதியவர் ஜார்ஜ் லெமேத்ர். பெல்ஜியத்தின் லூவைன் பல்கலைக்கழகப் பேராசிரியர், கத்தோலிக்கப் பாதிரியாரும்கூட. காலக்சிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன, விரிவது வெளிதான் என்பதை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளையும் அன்று கிடைத்த அளவீடுகளையும் வைத்து 1927லேயே கணக்கிட்டுச் சொன்னவர். இந்தக் கடிதத்தில் அவர் அடுத்த படிக்குப் போனார். விரியும் பிரபஞ்சத்தைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டினால் எல்லாப் பொருளும் ஆற்றலும் நெருங்கி நெருங்கி வந்து ஒரே குவாண்டத்தில், அதாவது ஆற்றலின் ஒற்றைப் பொட்டலத்தில், அடங்கிவிட வேண்டும். அந்த நிலையில் காலம், வெளி என்று பேசுவதற்கே பொருள் இருக்காது. அது உடைந்து சிதறிய பிறகுதான் இரண்டும் பிறந்திருக்க வேண்டும்.

கடிதத்தின் தட்டச்சுப் பிரதியில் இன்னொரு பத்தி இருந்தது. கடவுள் இயல்பாகவே மறைந்திருப்பவர் என்றும், படைப்பின் மேல் ஒரு திரையை இன்றைய இயற்பியல் இட்டுவைத்திருப்பது நம்பிக்கையாளர்களுக்கு மகிழ்ச்சி தரலாம் என்றும் அதில் எழுதியிருந்தார். அந்தப் பத்தி அடிக்கப்பட்டிருக்கிறது, அச்சில் வரவில்லை. பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்று இயற்பியலின் மொழியில் முதலில் சொன்ன மனிதர், அதைக் கடவுளுக்குச் சான்றாக நீட்டிக் காட்ட மறுத்தார். ஏன் என்று புரிந்துகொண்டால் இந்த அத்தியாயத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

போப்பும் நாத்திகரும்

1951 நவம்பர் 22 அன்று போப் பன்னிரண்டாம் பயஸ், போப்பின் அறிவியல் கழகத்தில் உரையாற்றினார். ஒளி உண்டாகுக என்ற அந்த ஆதிக் கணத்துக்கு நவீன அறிவியல் சாட்சியாக நிற்கிறது என்றார். உலகம் காலத்தில் படைக்கப்பட்டது, ஆகவே படைத்தவர் உண்டு, ஆகவே கடவுள் இருக்கிறார் என்று உரை முடிவை நோக்கிப் போயிற்று. லெமேத்ர் 1936 முதல் அந்தக் கழகத்தின் உறுப்பினர். உரை அவருக்கு உவப்பாக இல்லை. வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநர் டேனியல் ஓ'கானலிடம் பேசினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் உலக வானியலாளர்கள் ரோமில் கூடியபோது போப் மறுபடி உரையாற்றினார். அந்த வாதம் அதில் இல்லை.

லெமேத்ரின் தயக்கத்துக்கு உடனடிக் காரணம் ஒன்று இருந்தது. 1951இல் அவருடைய கோட்பாடே நெருக்கடியில் இருந்தது. வானியலாளர் ஹப்பிளின் அளவீடுகளின்படி பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள். பூமியின் வயது 300 கோடிக்கும் மேல் என்று பாறைகள் சொல்லிக்கொண்டிருந்தன. தாயைவிடப் பிள்ளைக்கு வயது அதிகம். காலக்சிகளின் தொலைவை முன்பு குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள், அதனால் பிரபஞ்சத்தின் வயதும் கூடும் என்று வானியலாளர் வால்டர் பாடே அறிவித்தது 1952இல், அதே ரோம் மாநாட்டில்தான். நாளை திருத்தப்படக்கூடிய எண் ஒன்றின் மேல் யாராவது நம்பிக்கையைக் கட்டுவார்களா? ஆனால் இதைவிட ஆழமான காரணமும் அவரிடம் இருந்தது. 1958இல் பிரஸ்ஸல்ஸ் சால்வே மாநாட்டில் அதை வெளிப்படையாகவே சொன்னார்: இந்தக் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்பது, கடவுளை மறுப்பவருக்கும் அது எந்தத் தடையும் போடவில்லை.

எதிர்ப்பக்கத்தில் கேம்பிரிட்ஜ் வானியலாளர் ஃபிரெட் ஹாயில் இருந்தார். அவர் நாத்திகர். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் என்ற பேச்சிலேயே மதத்தின் வாடை அடிக்கிறது என்பது அவர் கருத்து. 1948இல் ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் ஆகியோர் இணைந்தும் ஹாயில் தனியாகவும் மாறா நிலைக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். பிரபஞ்சம் என்றும் இருந்தது. விரிவதால் ஏற்படும் இடைவெளியை நிரப்ப, புதிய அணுக்கள் எங்கும் சிறிது சிறிதாகத் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. எதிர்க் கோட்பாட்டுக்கு 1949இல் பிபிசி வானொலியில் 'பெருவெடிப்பு' என்று பெயர் வைத்ததும் ஹாயில்தான். ஆனால் அவருடைய பிரபஞ்சத்திலும் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஒழியவில்லை. ஒரே கணத்தில் குவிந்திருந்த கேள்வி எல்லாக் கணங்களுக்கும் பங்கிட்டுத் தரப்பட்டது, அவ்வளவுதான்.

1965இல் வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் வானம் முழுவதும் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். பிரபஞ்சம் ஒருகாலத்தில் கொதித்துக்கொண்டிருந்ததற்கான மிச்ச வெப்பம் அது. பெரும்பாலான வானியலாளர்கள் மாறா நிலையைக் கைவிட்டார்கள். 1966 ஜூனில் லெமேத்ர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அந்தச் செய்தி அவரை எட்டியது.

அறிவியலில் யார் வென்றார் என்பது தெளிவு. ஆனால் போப்பும் ஹாயிலும் எதிரெதிரே நின்றாலும் ஒரே அனுமானத்தில் காலூன்றியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தொடக்கம் இருந்தால் படைத்தவர் உண்டு. தொடக்கம் இல்லையென்றால் படைத்தவர் வேண்டாம். ஒருவர் அதனால் பெருவெடிப்பை வரவேற்றார், மற்றவர் அதனாலேயே வெறுத்தார். அந்த அனுமானம் சரிதானா?

மூன்று விதிகள்

கடவுள்தான் முதல் காரணம் என்று ஒருவர் சொன்னதும், அப்படியானால் கடவுளைப் படைத்தது யார் என்று இன்னொருவர் கேட்பார். தெருமுனை விவாதம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஒருவருக்கு அது வாயடைக்கும் கேள்வி, மற்றவருக்குச் சிறுபிள்ளைக் கேள்வி. உண்மையில் அது எந்த விதியை நோக்கிக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பலம் இருக்கிறது. விதியை மூன்று விதமாகச் சொல்லலாம்.

முதல் விதி: இருப்பவை எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. இப்படிச் சொன்னால் கடவுளும் இருப்பவர்தானே, அவருக்கும் காரணம் வேண்டும். விலக்குக் கேட்டால் விதி உடைந்துபோகும். என்னைப் படைத்தது யார் என்ற கேள்விக்கு விடை இல்லை, ஏனெனில் உடனே கடவுளைப் படைத்தது யார் என்ற கேள்வி எழும் என்று தம் தந்தை கற்றுக்கொடுத்ததை ஜான் ஸ்டூவர்ட் மில் தன்வரலாற்றில் பதிவுசெய்தார். அதைப் பதினெட்டு வயதில் படித்த பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் முதல் காரண வாதத்தையே கைவிட்டார். 1927இல் லண்டனில் ஆற்றிய பேருரையில் இதை அவரே சொன்னார். ஆனால் தேர்ந்த இறையியலாளர் யாரும் இந்த முதல் விதியை வைத்து வாதாடியதில்லை. ரஸ்ஸல் வீழ்த்தியது வலுக்குறைந்த எதிரியை.

இரண்டாம் விதி: தொடங்கியவை எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் பாக்தாதில் போதித்த இமாம் கஸ்ஸாலியின் வாதம் இது. பிரபஞ்சம் தொடங்கியது, ஆகவே அதற்குக் காரணம் உண்டு. கடவுள் தொடங்கவில்லை, ஆகவே அவருக்கு வேண்டியதில்லை. இதில் கள்ளத்தனம் இல்லை. விதியிலேயே எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே சலுகை தொடக்கமில்லாத பிரபஞ்சத்துக்கும் கிடைத்துவிடும். ஆகவே வாதத்தின் முழுப் பாரமும் பிரபஞ்சம் தொடங்கியதா என்ற கேள்வியின் மேல் இறங்குகிறது. 1979இல் இந்த வாதத்தைப் புதுப்பித்த அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் லேன் கிரெய்க் பெருவெடிப்பைத் துணைக்கு அழைப்பது இதனால்தான்.

மூன்றாம் விதி: இல்லாமலும் போயிருக்கக்கூடியவை எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. ஒன்றுமே இல்லாதிருப்பதற்குப் பதில் ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1714இல் லைப்னிட்ஸ் கேட்டது இந்தத் தளத்தில். இங்கே காலத்துக்கு வேலையே இல்லை. பிரபஞ்சம் என்றென்றும் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அது ஏன் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும். 1948 ஜனவரியில் பிபிசி வானொலியில் ரஸ்ஸலும் இயேசு சபைப் பாதிரியார் ஃபிரெடரிக் காப்பிள்ஸ்டனும் மோதியது இதன் மேல்தான். ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு என்பதால் மனித குலத்துக்கே ஒரு தாய் இருக்கவேண்டும் என்று ஆகாது, பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார் ரஸ்ஸல். உறுப்புகளை ஒவ்வொன்றாக விளக்கினாலும் முழுத் தொடரும் ஏன் இருக்கிறது என்பது விளங்கவில்லையே என்றார் காப்பிள்ஸ்டன். முடிவு எட்டப்படவில்லை. கடவுள் இல்லாமல் போயிருக்கவே முடியாதவர் என்று காப்பிள்ஸ்டன் தரப்பு சொல்லும். அந்தத் தகுதியைப் பருப்பொருள் உலகத்துக்கே ஏன் கொடுக்கக்கூடாது என்று டேவிட் ஹியூம், அவர் இறந்த பின் 1779இல் வெளியான நூலில், ஏற்கெனவே கேட்டுவைத்திருந்தார்.

ஆக, கடவுளைப் படைத்தது யார் என்ற கேள்வி முதல் விதியை முறித்துவிடுகிறது. இரண்டாவதைத் தொடாமல் கடந்துபோகிறது. மூன்றாவதில் உருமாறி, விளக்கத்தை எங்கே நிறுத்த உனக்கு உரிமை இருக்கிறது என்ற கேள்வியாகிறது. இதுதான் உண்மையிலேயே கடினமானது.

குயவன் உண்டு, முதல் நாள் இல்லை

தொடக்கமும் காரணமும் ஒன்றல்ல என்பதைத் தமிழ் மரபு நன்றாகவே அறிந்திருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் முதலாவதே இந்த வாதம்தான். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஆகவே அதைச் செய்விப்பவன் ஒருவன் உண்டு. சைவ சித்தாந்த நூல்கள் இதைக் குடத்தை வைத்து விளக்கும். குடத்துக்கு மண் வேண்டும், சக்கரம் வேண்டும், குயவன் வேண்டும். உலகத்துக்கு மண்ணின் இடத்தில் மாயை, சக்கரத்தின் இடத்தில் சக்தி, குயவனின் இடத்தில் இறைவன்.

ஆனால் சித்தாந்தத்தில் மாயையும் அநாதி, உயிர்களும் அநாதி. இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது. உலகம் ஒடுங்கும், மறுபடி தோன்றும். இதற்கு முதல் தடவை என்று ஒன்று கிடையாது. செய்பவன் இருக்கிறான், தொடக்க நாள் இல்லை. சமணரோ இதே அநாதி உலகத்தை ஏற்றுக்கொண்டு நேர் எதிர் முடிவுக்கு வந்தார்கள். உலகம் என்றும் இருப்பதென்றால் அதைச் செய்ய ஒருவன் எதற்கு? படைத்தவன் உண்டென்றால் படைப்புக்கு முன் அவன் எங்கே நின்றான் என்று ஒன்பதாம் நூற்றாண்டு ஆசாரியர் ஜினசேனர் கேட்டார். உலகுக்கு முதல் நாள் இல்லை என்பதில் இரு தரப்புக்கும் பிணக்கு இல்லை. முதன்மையான பிணக்கு காரணத்தைப் பற்றியது.

ஐரோப்பாவிலும் அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இந்த இரண்டையும் பிரித்தார். உலகுக்குத் தொடக்கம் உண்டென்று விவிலியத்தின் அடிப்படையில் அவர் நம்பினார். ஆனால் அதைத் தர்க்கத்தால் நிறுவ முடியாது என்றும் வலியுறுத்தினார். அவர் தேடிய முதல் காரணம், வெகுகாலத்துக்கு முன்பு ஒருமுறை தள்ளிவிட்டுப் போனதல்ல. இந்தக் கணத்தில் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருப்பது. அக்வினாஸைக் கற்றுத் தேர்ந்த மரபில் வந்தவர் லெமேத்ர். போப்பின் உரையில் என்ன நழுவியது என்று அவருக்குத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

முதல் நொடி என்று ஒன்று உண்டா?

இப்போது இயற்பியலுக்கு வருவோம். பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். அப்படியானால் தொடங்கியது உறுதிதானே? அவ்வளவு விரைவாகச் சொல்லிவிட முடியாது.

பொதுச் சார்பியலின் சமன்பாடுகளில் காலத்தைப் பூஜ்யத்தை நோக்கிக் கொண்டுபோனால் அடர்த்தியும் வெப்பமும் எல்லையின்றி ஏறும். சரியாகப் பூஜ்யத்தில் சமன்பாடுகள் பொருளிழந்துவிடும். ஆகவே பூஜ்யம் என்பது பிரபஞ்ச வரலாற்றில் ஒரு கணம் அல்ல. அந்த வரலாற்றில் சேராத ஒரு விளிம்பு. ஒரு நொடி இருந்தது. அதற்கு முன் அரை நொடி இருந்தது. அதற்கு முன் கால், அரைக்கால் என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு கணத்துக்கும் முந்தைய கணம் உண்டு. ஒவ்வொரு நிகழ்வுக்கும் முந்தைய நிகழ்வு காரணமாக இருக்கலாம். முடிவில்லாத இந்தத் தொடர் முழுவதும் 1380 கோடி ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். கடந்தகாலம் அளவுள்ளதுதான், ஆனாலும் முதல் நிகழ்வு என்று எதுவும் இல்லை. அடால்ஃப் குரூன்பாம் போன்ற தத்துவ அறிஞர்கள் சுட்டிய இந்த நிலை கஸ்ஸாலியின் விதிக்குச் சங்கடம் தருவது. வயது இருக்கிறது என்பதும் தொடங்கியது என்பதும் ஒன்றா என்று முதலில் தீர்த்தாக வேண்டும்.

கணக்கின் வசதிக்காகச் செய்த எளிமைப்படுத்தலால் வந்த கோளாறோ இந்த விளிம்பு என்று ஆரம்பத்தில் ஐயம் இருந்தது. 1955இல் கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌத்ரி தந்த சமன்பாடு அந்த ஐயத்தைப் போக்க வழிசெய்தது. அதைக் கருவியாகக் கொண்டு பென்ரோஸும் ஹாக்கிங்கும் 1970இல் ஒரு தேற்றத்தை நிறுவினார்கள்: பொதுச் சார்பியல் சரி என்றால், பருப்பொருள் வழக்கமான விதத்தில் நடந்துகொண்டால், விளிம்பைத் தவிர்க்க முடியாது. ஆனால் அந்த 'என்றால்' பெரியது. ஒரு நொடியை ஒன்றுக்குப் பின் 43 பூஜ்யங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் கிடைக்கும் கால அளவுக்குள் போனால் குவாண்டம் விளைவுகள் ஈர்ப்பையே ஆளத் தொடங்கும். அங்கே பொதுச் சார்பியல் செல்லாது. செல்லாத இடத்தில் அது தரும் விளிம்பு கோட்பாட்டின் விளிம்பா, பிரபஞ்சத்தின் விளிம்பா?

2003இல் இயற்பியலாளர்கள் போர்ட், கூத், விலென்கின் மூவரும் இன்னொரு தேற்றம் தந்தார்கள். சராசரியாக விரிந்துகொண்டே வரும் எந்தப் பிரபஞ்சத்தையும் முடிவில்லாத கடந்தகாலத்துக்கு நீட்ட முடியாது. படைப்பின் சான்றாக இதை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். தேற்றம் சொல்வது அந்த விரிவுக்கு ஒரு பின் எல்லை உண்டு என்பதை மட்டுமே. எல்லைக்கு அப்பால் ஒன்றுமில்லையா, விரிவல்லாத வேறொன்று இருந்ததா என்பதை அது தொடவில்லை.

அப்பால் என்ன என்பதற்குப் பல முன்மொழிவுகள் உண்டு. ஹாக்கிங் 1981இல் வத்திக்கானில் நடந்த கருத்தரங்கில் தொட்டுக்காட்டி, 1983இல் ஜேம்ஸ் ஹார்ட்டிலுடன் முழுமையாக்கிய வடிவில், காலம் தொடக்கத்தை நெருங்கும்போது வெளியைப் போலவே நடந்துகொள்கிறது. அதற்கு ஓரமே இல்லை. அதற்கு முன் என்ன என்பது வடதுருவத்துக்கு வடக்கே என்ன என்பதைப் போன்ற கேள்வியாகிவிடும். அபய் அஷ்டேகர் போன்றோரின் ஆய்வில் முந்தைய பிரபஞ்சம் ஒன்று சுருங்கி, குவாண்டம் ஈர்ப்பால் துள்ளி எழுந்து நம் பிரபஞ்சமாகிறது. 2010இல் பென்ரோஸ் வெளியிட்ட நூலில் யுகத்தின் பின் யுகமாகத் தொடர் நீள்கிறது. எதுவும் இன்னும் சோதனையில் தேறவில்லை.

காரணம் வேலை செய்யும் இடம்

தொடக்கம் உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தொடங்கியதற்குக் காரணம் வேண்டும் என்ற பாதி எங்கிருந்து வருகிறது? அன்றாட அனுபவத்திலிருந்து. ஆனால் இயற்பியலின் அடிப்படைச் சமன்பாடுகளில் காரணம், விளைவு என்ற பெயர்ப்பலகைகள் இல்லை. இன்றைய நிலையிலிருந்து நாளையைக் கணக்கிடலாம். அதே எளிமையில் நேற்றையும் கணக்கிடலாம். 1913இலேயே ரஸ்ஸல் இதைச் சுட்டிக்காட்டினார். காரணம் எப்போதும் முன்னே வருவது, பிரபஞ்சத்தின் என்ட்ரோப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, ஒரே திசையில் ஏறிக்கொண்டிருப்பதோடு பிணைந்தது என்று பல இயற்பியலாளர்கள் கருதுகிறார்கள். அப்படி ஏற முடிவது தொடக்கத்தில் அது மிகக் குறைவாக இருந்ததால். ஆக, காரண விதியே அந்த ஆதி நிலையைச் சார்ந்து நிற்கிறது என்றால், அதே விதியை அந்த ஆதி நிலையின் மேல் ஏவுவதற்குத் தனியாக நியாயம் காட்ட வேண்டும்.

குவாண்டம் உலகிலும் கவனம் தேவை. ஒரு கட்டி யுரேனியம் 238இல் பாதி அணுக்கள் சிதைய ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆகும். ஓர் அணு இன்று சிதைவதற்கும் பக்கத்து அணு சிதையாததற்கும் முன்கூட்டிய வேறுபாடு எதுவும் இல்லை என்பது குவாண்டவியலின் வழக்கமான விளக்கம். காரணமில்லாத நிகழ்வு உண்டு என்பதற்கு இதைக் காட்டுவார்கள். ஆனால் டேவிட் போம் 1952இல் தந்த மாற்று விளக்கத்தில் எல்லாம் முன்பே தீர்மானமானவை. வழக்கமான விளக்கத்திலும்கூட அணு இருக்கிறது, அது கட்டுப்படும் விதி இருக்கிறது. வெறுமையிலிருந்து எதுவும் குதித்து வந்துவிடவில்லை.

இதே தடை பெரிய அளவிலும் வருகிறது. 1973இல் இயற்பியலாளர் எட்வர்ட் ட்ரையன் ஒரு துணிச்சலான யோசனை சொன்னார். பொருளின் ஆற்றலை நேர்க்குறியாகவும் ஈர்ப்பின் ஆற்றலை எதிர்க்குறியாகவும் கொண்டால் பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றல் பூஜ்யமாக இருக்கலாம். அப்படியானால் பிரபஞ்சம் ஒரு குவாண்டம் வெற்றிடத்தின் தற்செயலான ஏற்ற இறக்கமாகத் தோன்றியிருக்கலாம். 1982இல் விலென்கின் அந்த வெற்றிடம்கூட இல்லாத நிலையிலிருந்து பிரபஞ்சம் தோன்றும் கணக்கைப் போட்டார். 2012இல் இயற்பியலாளர் லாரன்ஸ் கிரௌஸ் இந்த வழியில் ஒரு நூல் எழுதி, லைப்னிட்ஸின் கேள்விக்கு இயற்பியல் விடை தந்துவிட்டது என்ற பொருள்பட வாதாடினார். இயற்பியலும் தத்துவமும் கற்ற டேவிட் ஆல்பர்ட் அதை மறுத்தார். குவாண்டம் வெற்றிடம் என்பது புலங்களின் ஒரு நிலை. புலங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு விதிகள் இருக்கின்றன. அவை ஏன் இருக்கின்றன? ஆல்பர்ட் பக்கம் நியாயம் இருக்கிறது. போப் ஒரு கேள்வியின் விடையை இன்னொன்றுக்குத் தந்தது போலவே கிரௌஸும் தந்தார், எதிர்த்திசையிலிருந்து.

எங்கே நிறுத்துவது

எல்லாத் தரப்பும் ஏதோ ஓரிடத்தில் விளக்கத்தை நிறுத்தித்தான் ஆகவேண்டும். ஒருவர் கடவுளில் நிறுத்துகிறார், ஒருவர் பிரபஞ்சத்தில், ஒருவர் இயற்கை விதிகளில். நிறுத்துவது குற்றமல்ல. தனக்குத் தந்த சலுகையை எதிராளிக்கு மறுப்பதுதான் குற்றம். கடவுளுக்குக் காரணம் வேண்டாம் என்பவர், பிரபஞ்சத்துக்கு ஏன் வேண்டும் என்று தனியாகக் காட்ட வேண்டும். பிரபஞ்சம் சும்மா இருக்கிறது என்பவர், மற்ற எதையும் 'சும்மா இருக்கிறது' என்று விட்டுவிடாத தம் வழக்கத்தை இங்கே மட்டும் ஏன் நிறுத்துகிறோம் என்று சொல்ல வேண்டும்.

கண்டுபிடிப்புகள் வரும். நுண்ணலைப் பின்னணியில் ஆதிகால ஈர்ப்பு அலைகளின் தடத்தைத் தேட, ஜப்பான் முன்னின்று லைட்பேர்ட் விண்கலத்தைத் திட்டமிட்டு வருகிறது. பெருவெடிப்புக்கு முன் ஒரு சுருக்கம் இருந்ததென்று என்றாவது தெரியவந்தால், கஸ்ஸாலியின் வாதத்துக்கு இன்று கிடைக்கும் வானியல் துணை போய்விடும். மெய்கண்டாரின் வாதம் அசையாது, லைப்னிட்ஸின் கேள்வியும் அசையாது. ஜினசேனர் வென்றுவிட்டதாகவும் ஆகாது. மாறாக, காலத்துக்கு உண்மையிலேயே ஓர் எல்லை உண்டென்று உறுதியானால் கஸ்ஸாலியின் ஒரு பாதி வலுப்பெறும். தொடங்கியதற்குக் காரணம் வேண்டும் என்ற மறுபாதி இருந்த இடத்திலேயே இருக்கும். பெருவெடிப்பைக் காட்டி ஒருவர் கடவுளை நிறுவினாலும் மறுத்தாலும், நீங்கள் நம்பியிருப்பது மூன்றில் எந்த விதி என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வாதம் அங்கேயே பிரிந்து நிற்கும்.

இந்தப் பேச்சில் இயற்பியல் தன் சொந்தக் கருவிகளால் கையாளக்கூடிய புதிர் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஆதி நிலையில் என்ட்ரோப்பி ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது? நேற்று வேறு, நாளை வேறு என்று நமக்குத் தெரிவதே அதனால்தான் என்றால், அந்தக் குறைவை அளக்கவும் விளக்கவும் முடிய வேண்டும். அடுத்த அத்தியாயம் அதைப் பற்றியது.